கரடுமுரடான பாதையில் ஃபுல் சஸ்பென்ஷன் டிரெயில் பைக்: டயர் தரையில் நிற்கும் நேரம்

முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்கைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே முதலில் வந்து நிற்கும் கேள்வி, அதற்கு எத்தனை மில்லிமீட்டர் டிராவல், அதாவது சக்கரம் எவ்வளவு தூரம் மேலேறி இறங்க முடியும், என்பதுதான். 120 என்றால் லேசான பாதைக்கு, 140 என்றால் நடுத்தரத்துக்கு, 160 என்றால் எதற்கும் அஞ்ச வேண்டாம் என்று ஒரு கணக்கு பலர் மனத்திலும் பதிந்துவிட்டது. அந்தக் கணக்கில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கல்லும் வேரும் பள்ளமும் நிறைந்த பாதைகளில் ஒரே வண்டியை மழையிலும் வெயிலிலும் தொடர்ந்து ஓட்டிப் பார்த்ததில், அந்த எண்ணைவிட வேறொன்றே முக்கியம் என்று எனக்குத் தெளிவாகியிருக்கிறது: ஓடும் நேரத்தில் எவ்வளவு நேரம் இரண்டு டயர்களும் தரையை அழுத்திக்கொண்டிருக்கின்றன என்பதே அது. பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும், ஏற்றத்தில் மிதித்து முன்னேறுவதும் டயர் தரையில் இருக்கும்போது மட்டுமே நடக்கும். சஸ்பென்ஷன் உடம்புக்குச் சுகம் தருவது உண்மைதான். எனினும் அது கூடவே வந்து சேரும் பலன். டயரைத் தரையோடு வைத்திருப்பதே அதன் முதல் வேலை, அந்த வேலையை அது எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதைப் பெரும்பாலும் நாம் செய்து வைக்கும் அமைப்புகளே தீர்மானிக்கின்றன.

நான் ஓட்டுவது பின்னால் 140 மி.மீ., முன்னால் 150 மி.மீ. டிராவலும் 29 அங்குலச் சக்கரங்களும் கொண்ட டிரெயில் பைக். ஏறத்தாழ 100 முதல் 120 மி.மீ. வரை டிராவல் கொண்ட கிராஸ் கன்ட்ரி பைக்குக்கும், 150-ஐத் தாண்டி 170 வரை போகும் எண்டியூரோ பைக்குக்கும் நடுவில் நிற்கும் வகை இது. டவுன்ஹில் பந்தய வண்டிகளில் இந்த அளவு 200 மி.மீ. வரை போகிறது, ஆனால் அவற்றை யாரும் மலையேற மிதித்துச் செல்வதில்லை. டிரெயில் பைக்கோ ஏறியாக வேண்டும், இறங்கியாக வேண்டும், நடுவில் சமதளத்தில் மணிக்கணக்கில் மிதிக்கவும் வேண்டும். இந்த மூன்று கோரிக்கைகளும் ஒன்றோடொன்று மோதும் இடம் கரடுமுரடான தரை என்பதால், இந்த வகை வண்டியை அங்கே ஓட்டித்தான் எடைபோட வேண்டும்.

கரடுமுரடான தரை எல்லாம் ஒரே மாதிரி அமைந்ததில்லை. காலடியில் உருளும் உதிரிக் கற்கள் ஒரு ரகம். மண்ணில் ஆழப் பதிந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள் இன்னொரு ரகம். பாதைக்குக் குறுக்கே ஓடும் வேர்கள், மழைநீர் அரித்த ஓடைக்கோடுகள், செங்குத்தான விளிம்புள்ள பாறைப் படிகள், வளைவுக்கு முன்னால் பலரும் பிரேக் பிடித்துப் பிடித்தே உருவான அலைமேடுகள் என ஒவ்வொன்றும் சஸ்பென்ஷனிடம் வெவ்வேறு வேலையைக் கேட்கிறது. உதிரிக் கல்லில் டயரின் அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். பதிந்த கல்லில் சக்கரம் சட்டென்று மேலேறி வழிவிட வேண்டும். அலைமேடுகளிலோ மேலேறிய சக்கரம் அடுத்த மேடு வருவதற்குள் திரும்பக் கீழே வந்துவிட வேண்டும்.

பதிந்த கல்லில் முன்சக்கரம் மோதும் கணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 29 அங்குலச் சக்கரத்தின் ஆரம், டயரையும் சேர்த்தால், ஏறத்தாழ 370 மி.மீ. அது 50 மி.மீ. உயரமுள்ள ஒரு கல்லின் விளிம்பில் முட்டும்போது, கல் சக்கரத்தைத் தள்ளும் திசை செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கல்லின் உயரம் 100 மி.மீ. ஆனால் அந்தச் சாய்வு 43 பாகை ஆகிவிடுகிறது. அதாவது, கல் உயர உயர அது சக்கரத்தை மேலே தூக்குவதைவிடப் பின்னால் தள்ளித் தடுப்பது அதிகமாகிறது. இன்றைய டிரெயில் பைக்குகளில் ஹெட் ஆங்கிள், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தரையோடு அமைக்கும் கோணம், 65 பாகையை ஒட்டி அமைவதால், ஃபோர்க் செங்குத்திலிருந்து 25 பாகை சாய்ந்து நிற்கிறது. ஆகவே அடி வரும் திசைக்கும் ஃபோர்க் அமுங்கும் திசைக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது, ஃபோர்க்கின் குழாய்கள் வளைந்து இறுகாமல் வழுக்கி உள்ளே போகின்றன. பழைய வண்டிகளில் 71 பாகை வரை நிமிர்ந்து நின்ற ஃபோர்க்குக்கு இந்த வசதி குறைவு. சாய்ந்த ஃபோர்க் என்றாலே இறக்கத்தில் தைரியம் தருவது என்று மட்டும் நினைப்பவர்கள் இந்தப் பலனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பின்சக்கரத்துக்கு இப்படி ஒரு வசதி கிடையாது. பெரும்பாலான டிரெயில் பைக்குகளில் பின் அச்சு மேலேறும்போது தொடக்கத்தில் சற்றே பின்னால் போய், பிறகு முன்னோக்கி வளையும் பாதையில் செல்கிறது. கல் தள்ளும் திசைக்கு அது முழுதாக இடங்கொடுப்பதில்லை. செங்குத்தான விளிம்புள்ள படியில் மெதுவாகப் பெடல் செய்துகொண்டு மோதினால், பின்சக்கரம் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டு ஏறுவதைக் காலடியிலேயே உணரலாம். பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கை சட்டத்தோடு இணைந்து சுழலும் இடமான சுழல் மையத்தை உயரத்தில் வைத்து, செயினை ஒரு சிறு உருளையின் மேல் திருப்பிவிடும் வடிவமைப்புகள் இந்தத் தயக்கத்தைக் குறைக்கின்றன. ஆனால் அந்த உருளை கூடுதல் உராய்வையும் எடையையும் பராமரிப்பையும் கேட்கிறது. நீண்ட நேரம் மிதித்து ஏறும் வண்டிக்கு அது எனக்குச் சரியான பேரமாகப் படவில்லை.

இனி ஸ்பிரிங்குக்கும் டேம்பருக்கும் வருவோம். ஸ்பிரிங், அது காற்றாக இருந்தாலும் எஃகுச் சுருளாக இருந்தாலும், அடியை வாங்கிச் சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும். அதற்குமேல் எதுவும் தெரியாது. டேம்பர் இல்லாத ஸ்பிரிங்கில் ஏறி அமர்ந்தால், தள்ளிவிட்ட ஊஞ்சல் போல ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். டேம்பர் அந்த ஆற்றலை எண்ணெய்க்குள் சிறு துளைகள் வழியாகவும் மெல்லிய எஃகு வட்டுகளின் அடியிலும் நெருக்கித் தள்ளி வெப்பமாக மாற்றிவிடுகிறது. நீண்ட இறக்கத்தின் முடிவில் நின்று, பின்சக்கரத்துக்கான ஸ்பிரிங்கும் டேம்பரும் அடங்கிய ஷாக்கின் உடலைத் தொட்டுப் பார்த்தால் விரலில் சூடு தெரியும். ஓட்டுபவரும் வண்டியுமாகச் சேர்ந்து 90 கிலோ எடை 300 மீட்டர் கீழே இறங்குகிறது என்றால், ஏறத்தாழ 265 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். பெரும்பகுதி பிரேக் டிஸ்க்குகளிலும் காற்றின் தடையிலும் கரைகிறது. ஒரு பங்கு டயர்களிலும் டேம்பர்களிலும் கரைகிறது. இந்த விளையாட்டின் தொடக்கமே இந்த வெப்பத்தோடு பிணைந்தது. 1976-இல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே மலைச்சரிவில் தொடங்கிய ரீபேக் இறக்கப் பந்தயத்தில், பழைய தடித்த டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு சுமார் 400 மீட்டர் இறங்கியவர்களின் பின்சக்கர ஹப் பிரேக், கிரீஸ் புகைந்து வெளியேறும் அளவுக்குச் சூடேறியது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பாதைக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைத்தல், என்ற பெயர் வந்தது. அன்றைய வண்டிகளில் சஸ்பென்ஷன் எதுவும் கிடையாது. 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் சஸ்பென்ஷன் ஃபோர்க்கோடு டவுன்ஹில் பட்டம் வென்றபோது, அந்த ஃபோர்க்கின் டிராவல் 50 மி.மீ.-ஐ ஒட்டித்தான் இருந்தது. அந்தச் சிறிய அளவே வெற்றிக்கு உதவியது என்றால், அது எத்தனை மில்லிமீட்டர் என்பதால் அல்லாமல், முன் டயர் தரையில் நின்ற நேரம் கூடியதால்தான் என்று நான் நம்புகிறேன்.

அமைப்பில் முதலாவதும் முக்கியமானதும், ஓட்டுபவர் ஏறியதுமே அவருடைய எடையால் சஸ்பென்ஷன் தானாக அமுங்கி நிற்கும் அளவு. இதைச் சேக் என்பார்கள். அளப்பது எளிது. ஷாக்கின் பளபளப்பான தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். சுவரையோ நண்பரின் தோளையோ பிடித்துக்கொண்டு, ஓட்டும்போது அணியும் அத்தனை பொருள்களோடும் பெடல்கள் மேல் ஏறி நின்று, உடலை இரண்டு மூன்று முறை மெதுவாக அமுக்கி, பிறகு அசையாமல் நின்று, அந்த வளையத்தை விரலால் தள்ளி ஷாக்கின் உறையோடு ஒட்டவைக்க வேண்டும். வண்டியைக் குலுக்காமல் இறங்கியபின் உறைக்கும் வளையத்துக்கும் இடையில் உள்ள தூரமே சேக். என் ஷாக்கின் தண்டு 55 மி.மீ. நகரக்கூடியது, 30 சதவீதம் என்றால் 16.5 மி.மீ. சக்கரத்தில் அது ஏறத்தாழ 42 மி.மீ. ஆகிறது. காற்றழுத்தத்தை மாற்றும்போது ஷாக் பம்பைக் கழற்றிவிட்டு வண்டியைச் சில முறை மெதுவாக அமுக்கி எடுக்க வேண்டும். உள்ளே மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் காற்று சமமாகப் பரவிய பிறகே அளவு உண்மையைச் சொல்லும். இதைச் செய்யாமல் அளந்துவிட்டு, பாதி வழியில் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்கிறதே என்று குழம்புபவர்கள் பலர்.

அந்த 42 மி.மீ. வீணாகிப் போகிறது, 140-இல் 98 தானே மிச்சம் என்று வருந்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். கரடுமுரடான தரையில் நிலைமை நேரெதிர். தரையில் மேடு எவ்வளவு உண்டோ பள்ளமும் அவ்வளவு உண்டு. சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தேடிப் பிடிப்பதற்கு இருக்கும் ஒரே இடம் அந்தச் சேக்தான். காற்றைக் கூட்டி அடித்து சேக்கை 15 சதவீதத்துக்குக் குறைத்தால் சமதளத்தில் வண்டி துடிப்பாகத் தெரியும். உதிரிக் கற்கள் நிறைந்த சரிவில் அதே வண்டி பள்ளங்களின் மேல் மிதந்துகொண்டு போகும், பிரேக் பிடித்தால் பின்சக்கரம் சுலபமாகப் பூட்டிக்கொண்டு வழுக்கும். நான் அடிக்கடி இறங்கும் ஒரு சரிவில், கற்களுக்கு நடுவே இடதுபுறம் சாய்ந்த ஒரு வளைவு உண்டு. பின்புற சேக்கை 30 சதவீதத்தில் வைத்துப் போகும்போது அங்கே டயர் கற்களை மிதித்து நொறுக்கும் ஓசை விட்டுவிடாமல் கேட்கும். 20 சதவீதத்தில் அது விட்டுவிட்டுக் கேட்கிறது. ஓசை விடும் ஒவ்வொரு இடத்திலும் டயர் தரையை விட்டிருக்கிறது. காதால் சஸ்பென்ஷனைச் சோதிக்கலாம் என்பதை இதைவிட நன்றாக விளக்க எனக்குத் தெரியவில்லை. முன்னால் இவ்வளவு வேண்டியதில்லை. ஃபோர்க்குக்கு 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால் செங்குத்தான இடங்களில் அது மிகையாக அமிழாமல் நிற்கும்.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் எந்த வேகத்தில் திரும்ப நீள வேண்டும் என்ற கட்டுப்பாடு. கரடுமுரடான தரையில் இதற்கு ஈடான முக்கியத்துவம் வேறெந்தக் குமிழுக்கும் இல்லை. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 5 மீட்டர். அரை மீட்டருக்கு ஒரு கல் வீதம் பதிந்திருக்கும் பாதையில் அந்த வேகத்தில் நொடிக்குப் பத்து அடி விழுகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் சக்கரம் மேலேறித் திரும்ப இறங்குவதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. ரீபவுண்ட் மிக மெதுவாக இருந்து, 50 மி.மீ. மேலேறிய சக்கரம் அடுத்த கல்லுக்குள் 40 மி.மீ. மட்டுமே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்லுக்கு 10 மி.மீ. கடன் விழுகிறது, ஆறாவது கல்லில் 60 மி.மீ. டிராவல் காணாமல் போயிருக்கிறது. வண்டி மெல்லமெல்லத் தாழ்ந்து, ஸ்பிரிங் இறுகும் ஆழத்தில் ஓடத் தொடங்குகிறது. முதல் இரண்டு கற்களில் மெத்தென்று இருந்த வண்டி ஏழாவது கல்லில் சஸ்பென்ஷனே இல்லாதது போலக் கையையும் காலையும் அடிக்கும். இந்த நிலையில் பலரும் செய்வது, சஸ்பென்ஷன் கடினமாக இருக்கிறது என்று எண்ணிக் காற்றைக் குறைப்பது. அதனால் வண்டி இன்னும் தாழ்கிறது. மருந்து ரீபவுண்ட் குமிழை, பெரும்பாலான ஷாக்குகளில் அது சிவப்பு நிறத்தில் இருக்கும், ஓரிரு கிளிக் திறந்துவிடுவதுதான்.

அளவுக்கு மீறித் திறந்துவிட்டாலும் சிக்கல் உண்டு. சக்கரம் தரையை அடைந்த பிறகும் ஸ்பிரிங்கிடம் உந்துதல் மிச்சமிருந்தால் அது வண்டியையும் ஓட்டுபவரையும் மேலே எறிகிறது. டயர் துள்ளுகிறது, பாறைப் படியின் விளிம்பைத் தாண்டும்போது பின்பகுதி உதைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க நான் கைக்கொள்ளும் வழி, குறுகிய கல்பாதை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்ற எதையும் மாற்றாமல் ரீபவுண்டை மட்டும் இரண்டிரண்டு கிளிக்காக மாற்றி, ஒரே கோட்டில் ஒரே வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுவது. முழுதாக மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் என்பதை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறித்துக்கொள்கிறேன். எடை கூடிய ஓட்டுநருக்குக் காற்றழுத்தம் கூடுதலாக வேண்டும், அழுத்தம் கூடினால் ஸ்பிரிங் திரும்பும் வேகமும் கூடும், ஆகவே அவருக்கு ரீபவுண்டை இன்னும் மூட வேண்டும். நண்பருடைய வண்டியில் நன்றாக இருந்த எண்ணை அப்படியே நம் வண்டிக்கு எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

சஸ்பென்ஷன் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் பக்கத்தில் நான் அதிகம் கை வைப்பதில்லை. குறைந்த வேகக் கம்ப்ரெஷன், உயர் வேகக் கம்ப்ரெஷன் என்று சொல்வது ஷாக்கின் தண்டு நகரும் வேகத்தைத்தான், வண்டியின் வேகத்தை அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பெடல் மிதிப்பதும் பிரேக் பிடித்து உடல் முன்னே சாய்வதும் தண்டை மெதுவாக நகர்த்தும். கல்லில் மோதுவது வேகமாக நகர்த்தும். அடிக்கடி டிராவல் தீர்ந்து முட்டுகிறது என்றால், சேக்கைக் கெடுக்கும் அளவுக்குக் காற்றைக் கூட்டுவதைவிடக் காற்றறைக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கூடுதலாகப் போட்டு அறையின் கொள்ளளவைக் குறைப்பது மேல்; தொடக்கம் மென்மையாகவே இருக்கும், கடைசிப் பகுதி மட்டும் இறுகும். ஓர் இறக்கத்தில் ஒருமுறை இருமுறை முழு டிராவலும் தீர்வதில் தவறொன்றும் இல்லை. ஒருபோதும் தீராத டிராவல் சும்மா சுமந்து செல்லும் எடைதான்.

டயரைச் சொல்லாமல் சஸ்பென்ஷனைப் பேச முடியாது, ஏனென்றால் தரையை முதலில் சந்திப்பது அதுவே. ஷாக்கிலும் ஃபோர்க்கிலும் உள்ள சீல்களுக்கு ஓர் உராய்வு உண்டு. மிகச் சிறிய அதிர்வுகள் அந்த உராய்வைத் தாண்டும் வலிமை இல்லாமல் நின்றுவிடுகின்றன, அவற்றை விழுங்குவது டயர் மட்டுமே. 2.4 அங்குல அகல டியூப்லெஸ் டயர்களில் என் எடைக்கு முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் 25 பிஎஸ்ஐ வைக்கிறேன். இதில் 2 பிஎஸ்ஐ கூட்டினாலே ஈர வேர்களின் மேல் முன்சக்கரம் பக்கவாட்டில் நழுவுவது தெரிகிறது. 3 குறைத்தால் கூரிய கல்லில் ரிம் தட்டும் ஓசை வருகிறது. டியூப் வைத்த டயரில் இந்த அழுத்தத்தில் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துக்கொன்றாக இரண்டு ஓட்டைகள் விழும். டியூப்லெஸ் வந்து இந்தத் தொல்லையை அகற்றியது கரடுமுரடான தரையில் ஓட்டுபவர்களுக்குக் கிடைத்த பெரிய வரவு, டிராவல் கூடியதற்குக் குறைந்ததில்லை. ஆனால் டயருக்கு டேம்பர் கிடையாது. மென்மையான ரப்பர் கலவையும் தடித்த பக்கச்சுவரும் துள்ளலை ஓரளவு அடக்கும். மிச்சத்தை டேம்பர்தான் அடக்க வேண்டும். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில், பருத்த டயர் போட்டாலும், ஏன் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு ஈடாகாது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஃபுல் சஸ்பென்ஷனின் அருமை இறக்கத்தில்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அது முதலில் புலப்பட்டது கல் நிறைந்த ஏற்றத்தில். ஹார்ட்டெயிலில் அப்படிப்பட்ட ஏற்றத்தில் அமர்ந்து மிதித்தால், ஒவ்வொரு கல்லும் இருக்கை வழியாக உடலைத் தூக்கும், தூக்கும் கணத்தில் பின்சக்கரத்தின் மேல் இருந்த எடை விலகும், டயர் பிடி விட்டுச் சுழலும், வண்டி நின்றுவிடும். சஸ்பென்ஷன் வேலை செய்யும் வண்டியில் சக்கரம் மட்டும் கல்லின் மேல் ஏறி இறங்குகிறது. உடல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நகர்கிறது, மிதி தொடர்கிறது. அதனால் ஷாக்கை இறுக்கிப் பூட்டும் நெம்புகோல் இருந்தும், தார்ச்சாலை ஏற்றத்தைத் தவிர வேறெங்கும் நான் அதைத் தொடுவதில்லை. பூட்டிய ஷாக்கோடு கல்லேற்றத்தில் போவது, விலை கொடுத்து வாங்கிய பிடியைத் தேவைப்படும் நேரத்தில் கைவிடுவதாகும்.

மிதிக்கும்போது வண்டி ஊசலாடாதா என்ற கேள்வி இங்கே வரும். பெடலை அழுத்தி முடுக்கும்போது எடை பின்னால் சாய்ந்து ஷாக்கை அமுக்கப் பார்க்கிறது. அதே கணத்தில் இழுபடும் செயின், சுழல் மையம் அமைந்த இடத்தைப் பொறுத்து, பின்கையைக் கீழ்நோக்கித் தள்ளி அந்த அமுக்கத்தை எதிர்க்கிறது. இதை ஆன்டி-ஸ்குவாட் என்கிறார்கள். இரண்டும் சரியாக ஈடுகட்டும் நிலையை 100 சதவீதம் என்று வைத்து அளப்பது வழக்கம். பின்கையில் அச்சுக்கு முன்னால் ஒரு மூட்டை வைக்கும் ஹார்ஸ்ட் லிங்க்கும், இரு சிறு இணைப்புகளால் பின்முக்கோணத்தைத் தாங்கும் விபிபி, டிடபிள்யூ-லிங்க் போன்றவையும் இந்த எதிர்ப்பையும் பிரேக் விளைவையும் டிராவலின் வெவ்வேறு ஆழத்தில் விரும்பியபடி வகுத்துக்கொள்வதற்கான வெவ்வேறு வழிகளே. இதற்கு ஒரு விலை உண்டு. சக்கரம் மேலேறும்போது பின் அச்சுக்கும் கிராங்குக்கும் இடையிலான தூரம் நீள்கிறது, செயின் இழுபட்டு பெடலைப் பின்னோக்கி உதைக்கிறது. மிகப் பெரிய பல்சக்கரத்தில் செயின் இருக்கும்போது, அதாவது செங்குத்தான ஏற்றத்தில், இந்த உதை கூடுதலாகத் தெரியும். ஏற்றத்தில் பெரிய கல்லின் மேல் ஏறும்போது பாதத்தில் படும் அந்தச் சிறு இழுப்பை நான் குறையாக எண்ணவில்லை. நன்றாக மிதிபடும் வண்டி வேண்டுமென்றால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தேர்வது சஸ்பென்ஷன் அமைப்புக்குச் சற்றும் குறையாத வேலை. முன் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னே பாய்ந்து ஃபோர்க் அமிழ்கிறது. ஃபோர்க் 20 மி.மீ. அமிழ்ந்தால் ஹெட் ஆங்கிள் ஏறத்தாழ 1 பாகை நிமிர்கிறது. 65 பாகை என்று வாங்கிய வண்டி, செங்குத்துச் சரிவில் பிரேக்கோடு 60 மி.மீ. அமிழ்ந்து நிற்கும்போது 68 பாகை வண்டியாகிவிடுகிறது. கூடவே, கல்லை வாங்குவதற்கு இருக்க வேண்டிய டிராவலில் பாதியைப் பிரேக்கே தின்றுவிடுகிறது. ஆகவே கற்கூட்டத்துக்கு முன்னால் இருக்கும் நல்ல தரையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, கற்களின் மேல் விரல்களை லேசாக வைத்தபடி வண்டியை ஓடவிடுவதே முறை. சாய்வான தரையில் குறுக்கே கிடக்கும் ஈர வேரில் இந்த விதி இன்னும் கடுமையாகிறது. அங்கே பிரேக்கும் கூடாது, திருப்பமும் கூடாது, வேருக்குக் கூடியவரை செங்குத்தாகச் சென்று, தாண்டிய பிறகே இரண்டையும் செய்ய வேண்டும். எவ்வளவு நல்ல சஸ்பென்ஷனும் பிடிப்பே இல்லாத பரப்பில் பிடிப்பை உருவாக்கித் தராது.

வண்டியில் உள்ள சஸ்பென்ஷன்களில் மிகப் பெரியது ஓட்டுபவரின் கால்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மடங்கித் தரும் டிராவல் 140 மி.மீ.-ஐவிட மிகப் பெரிது, ஆனால் இருக்கை வழிவிட்டால்தான் அது கிடைக்கும். ஹேண்டில்பாரில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் இருக்கையை 150 முதல் 200 மி.மீ. வரை கீழே இறக்கும் டிராப்பர் போஸ்ட் இல்லாத டிரெயில் பைக்கை நான் இனி கற்பனை செய்ய மாட்டேன். 1984-இல் மவுண்டன் பைக் முன்னோடிகளில் ஒருவரான ஜோ பிரீஸும் அவர் நண்பரும் ஹைட்-ரைட் என்ற சுருள் கம்பியை இருக்கைத் தண்டில் பூட்டி இதே காரியத்தைச் செய்யப் பார்த்தார்கள் என்பதிலிருந்து, இந்தத் தேவை எவ்வளவு பழையது என்று தெரிகிறது. இருக்கை இறங்கியதும், எடையைக் கைகளில் போடாமல் பாதங்களில் இறக்கி, முழங்கையை வெளிப்புறமாக மடக்கி, பார்வையை டயருக்கு முன்னால் அல்லாமல் பல மீட்டர் தள்ளி வைத்தால், முன்சக்கரம் தானாகவே வழி தேடிக்கொள்ளும். ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கும் ஓட்டுநர், ஃபோர்க் விழுங்கி முடித்த அடியைத் தன் தோளிலிருந்து மறுபடி சக்கரத்துக்கு அனுப்புகிறார்.

இந்த வண்டிக்கு எல்லைகளும் உண்டு. மண் இறுகிய, மேடுபள்ளம் சீரான பாதையில் அது ஹார்ட்டெயிலைவிட மந்தமாகத் தெரியும். உடலால் அமுக்கி வேகம் சேர்க்கும் இடங்களில் சேர்த்த வேகத்தில் ஒரு பகுதியைச் சஸ்பென்ஷன் விழுங்கிவிடும். வெறும் எடையும் கூடுதல். மீட்டர் கணக்கில் நேராக விழும் பாறைகளில் 140 மி.மீ. போதாது, அங்கே எண்டியூரோ வண்டிதான் சரி. இவையெல்லாம் வாங்கும்போதே தெரியும் எல்லைகள். கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேரும் எல்லை, பராமரிப்பு விடுபடும்போது வருவது. ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களைக் கழற்றித் துடைத்துப் புது எண்ணெய் விடுவது 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் நல்லது. தூசியிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் அதற்கு முன்பே செய்யலாம். எண்ணெய் வற்றிய ஃபோர்க் பெரிய அடிக்கு வழக்கம்போலவே அமுங்கும், சிறு கற்களுக்கு மட்டும் அசையாமல் நிற்கும். அது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் ஓட்டுபவர் கவனிப்பதே இல்லை.

பின்புறத்தில் இதே பங்கைச் சுழல் மையங்களில் உள்ள பேரிங்குகள் வகிக்கின்றன. அவற்றைச் சோதிக்கும் வழி: ஷாக்கின் ஒரு முனையின் போல்ட்டைக் கழற்றி ஷாக்கை விலக்கிவிட்டு, பின்சக்கரமும் இல்லாமல், பின்கையைக் கையால் தூக்கி விட வேண்டும். பேரிங்குகள் நன்றாக இருந்தால் அது தன் எடையாலேயே தடையின்றி இறங்கும். நடுவழியில் தயங்கி நின்றாலோ, இறங்கும்போது மணல் அரைபடுவது போல விரலில் உணர்ந்தாலோ, எந்தப் பேரிங் இறுகியிருக்கிறது என்று ஒவ்வொரு மூட்டாகப் பிரித்துப் பார்த்து மாற்றிவிட்டு, போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். இந்தச் சோதனையை முடித்த பிறகே சேக்கை மறுபடி அளக்கிறேன். பேரிங் இறுகியிருக்கும்போது அளந்த சேக், காற்று எவ்வளவு என்பதைக் காட்டாது, மூட்டுகளின் உராய்வையும் சேர்த்தே காட்டும்.